பெட்டியில் வரும் ஃபோம் மெத்தையா, ஸ்பிரிங் மெத்தையா? செட்டிநாட்டு வீடுகளுக்கான முழு வழிகாட்டி

ஆத்தாவின் கட்டில் பர்மா தேக்கு. கடைசல் பிடித்த கால்கள், தலைமாட்டில் கொடிவேலை, நடுவில் கனத்த பலகை. பலகையைச் சுற்றி 2 அங்குல உயரத்துக்குச் சட்டம் ஓடும். மெத்தை அந்தச் சட்டத்துக்குள் இறங்கி உட்கார வேண்டும். இத்தனை வருடமும் அதில் இலவம்பஞ்சு மெத்தைதான். பஞ்சு கட்டி தட்டிப்போய், காலையில் எழுந்தால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது என்றார்கள். நான் சென்னையில் உட்கார்ந்தபடியே 72-க்கு 48 அளவில், 10 அங்குல உயரத்தில் ஒரு மெமரி ஃபோம் மெத்தையை ஆர்டர் செய்துவிட்டேன்.

பெட்டி காரைக்குடிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. பிரித்துப் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. கட்டில் சட்டத்தின் உள்ளளவு 73½-க்கு 46½. நீளத்தில் ஒன்றரை அங்குலம் இடைவெளி, அகலத்தில் ஒன்றரை அங்குலம் கூடுதல். பக்கவாட்டில் நெருக்குப்பட்டு மெத்தை நடுவில் மேடு தூக்கி நின்றது. "ஏண்டாப்பா, இதுல ஏறி உக்காந்தா காலு அந்தரத்துல நிக்குதே" என்றார்கள் ஆத்தா. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். உங்கள் பின்கோடுக்கு வந்து எடுத்துப்போகும் வசதி இல்லை என்று பதில் வந்தது.

அதன்பிறகு உறவுக்காரர்கள் நாலைந்து பேருக்குக் கூடவே இருந்து மெத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எந்த வரிசையில் பார்த்தால் தப்பாமல் வாங்கலாம் என்பது அதில் தெளிந்தது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெட்டி என்பது மெத்தையின் வகையைக் குறிக்காது, அனுப்பும் முறையைக் குறிக்கும். ஃபோமை அழுத்தி, காற்றை உறிஞ்சி, சுருட்டிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பாக்கெட் ஸ்பிரிங் மெத்தையையும் (ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருப்பது) இப்போது அப்படியே சுருட்டி அனுப்புகிறார்கள். ஆகவே உள்ளே என்ன இருக்கிறது, எந்தக் கட்டிலில் போடப்போகிறோம், யார் படுக்கப்போகிறார்கள் என்ற மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் படி: கட்டிலை அளப்பது

இதற்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் நீளம் பெரும்பாலும் 72, 75, 78 அங்குலம். அகலம் 36, 48, 60, 72. நம் வீட்டுப் பழைய கட்டில்கள் ஆசாரி அந்த வீட்டுக்கென்று செய்தவை. அந்த அளவுகளில் அடங்குவது அபூர்வம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடையில் கட்டில் வாங்கியவர்களுக்கும் இதே கதைதான்.

சட்டத்தின் உள்பக்கத்தில், தலைமாடு, நடு, கால்மாடு என மூன்று இடத்தில் அகலம் எடுங்கள். நீளத்தை இரண்டு பக்கமும் எடுங்கள். பழைய மரம் கொஞ்சம் கோணியிருக்கும். கிடைக்கும் அளவுகளில் சிறியதை எடுத்து, அதிலும் அரை அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். தரையிலிருந்து பலகை வரை அளங்கள். படுக்கப்போகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளங்கள். ஆத்தாவுக்கு அது 16 அங்குலம். கட்டில் பலகை 18 அங்குலம். அதன்மேல் 10 அங்குல மெத்தை வைத்தால் 28. கால் எப்படித் தரையைத் தொடும்? இரவில் எழுந்து இறங்கும் பெரியவர்கள் கீழே விழுவதற்கு இந்த உயரமும் ஒரு காரணம். உயரமான கட்டிலுக்கு 5 அல்லது 6 அங்குலத்துக்கு மேல் மெத்தை வேண்டாம். ஸ்பிரிங் மெத்தையில் 6 அங்குலத்துக்குக் கீழே நல்லதாகக் கிடைப்பது சிரமம். அதனால் உயரக் கட்டில், வயதானவர் என்று இரண்டும் சேர்ந்தால் முடிவு பெரும்பாலும் ஃபோம் பக்கமே சாயும்.

ஃபோமுக்கு இன்னொரு வசதியும் உண்டு. உள்ளூர் ஃபோம் கடையில் உங்கள் அளவுக்கு வெட்டி, உறை தைத்துத் தருவார்கள். ஸ்பிரிங்கை வெட்ட முடியாது. தொழிற்சாலையில் அந்த அளவுக்கென்று கட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். கடைசியில் ஆத்தாவுக்கு உள்ளூரில் 73-க்கு 46 அளவில் வெட்டியே வாங்கினோம். அடியில் 3 அங்குலம் ரீபாண்டட் (ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்தியது), மேலே 2 அங்குலம் மென்மையான ஃபோம், மொத்தம் 5. இறங்கும் இடத்தில் ஒரு மணைப்பலகை போட்டிருக்கிறோம். முதலில் வந்த பெட்டி மெத்தை மாடி அறையில் புதுக்கட்டிலில் கிடக்கிறது.

கட்டிலின் அடிப்பாகத்தையும் கவனியுங்கள். முழுப்பலகை இருந்தால் இரண்டு வகையும் போடலாம். ஆனால் ஃபோமுக்கு அடியில் காற்று போகாததால் வியர்வை ஈரம் பலகையில் தங்கும். ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகையில் வரிசையாகத் துளை போட்டுக்கொள்வது நல்லது. தேக்கில் துளைபோட மனம் வராதவர்கள் மெத்தைக்கு அடியில் ஒரு கோரைப்பாய் விரித்து, வாரம் ஒருமுறை மெத்தையைத் தூக்கி நிமிர்த்தி வையுங்கள். முழுப்பலகைக்குப் பதிலாகக் குறுக்குச் சட்டங்கள் வைத்த கட்டிலானால் இடைவெளி 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஃபோம் சந்தில் இறங்கிவிடும். நாடாக் கட்டிலுக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் இந்த இரண்டு மெத்தையுமே ஆகாது.

இரண்டாம் படி: படுப்பவர் யார்?

ஒல்லியானவர்கள், பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்க வேண்டும்; அவர்களுக்கு மேலே மென்மையான அடுக்கு தேவை. குப்புறப் படுப்பவர்களுக்கு மென்மை கூடாது, இடுப்பு தாழ்ந்து முதுகு வளைந்துவிடும். 85, 90 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள் மலிவான ஃபோமை வாங்கவே வேண்டாம்; சீக்கிரமே பள்ளம் விழும். அவர்களுக்கு நல்ல பாக்கெட் ஸ்பிரிங், இல்லையென்றால் 40 டென்சிட்டிக்கு (அடர்த்தி; விவரம் நான்காம் படியில்) குறையாத ஃபோம்.

கணவன் மனைவியில் ஒருவர் புரண்டு படுப்பவர், இன்னொருவர் சட்டென்று விழித்துக்கொள்பவர் என்றால் பொன்னெல் என்ற வகை ஸ்பிரிங்கை விட்டுவிடுங்கள். காரணம் ஐந்தாம் படியில் வருகிறது.

முதுகுவலிக்காரர்களுக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்வது, "கட்டாந்தரை மாதிரி இருக்கணும்" என்பது. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு வேறு சொல்கிறது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேருக்கு இரண்டு வகை மெத்தை கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குப் படுக்கையிலும் எழும்போதும் வலி குறைவாக இருந்தது. மெத்தை மேல் "ஆர்த்தோ" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தச் சொல்லை எந்த நிறுவனமும் எந்த மெத்தைக்கும் போட்டுக்கொள்ளலாம். கால் மரத்துப்போவது, வலி காலுக்குள் இறங்குவது போன்றவை இருந்தால் மெத்தைக் கடைக்கு முன்னால் மருத்துவரிடம் போங்கள்.

மூன்றாம் படி: எந்த அறை?

நம் ஊர் வெயிலில் மெத்தையின் சூடு சின்ன விஷயம் இல்லை. வளவை (வீட்டு நடு முற்றத்தை)ச் சுற்றிய பழைய அறைகளில் சுவர் கனம், ஓடு, ஆத்தங்குடித் தரைக்கல் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் குளுமை தரும். பின்னால் கட்டிய கான்கிரீட் மாடி அறையில் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கூரை கீழே இறக்கும். அங்கே ஏசி இல்லாமல் மெமரி ஃபோமில் படுத்தால் முதுகு வேர்த்து நனைந்துவிடும்.

மெமரி ஃபோம் 1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கென்று உருவானது. உடல் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் குணம். பிடித்துக்கொள்வதால் காற்று போகாது. "ஜெல்" சேர்த்தது குளிர்ச்சி என்று விற்பார்கள். படுத்த கொஞ்ச நேரம் குளுமை இருக்கும், பிறகு அதுவும் உடல் சூட்டுக்கு வந்துவிடும். ஏசியை 20-இல் வைத்துத் தூங்குகிறவர்களுக்கு வேறு அனுபவம்: குளிரில் அது இறுகும். கடையில் மெத்தென்று இருந்தது, வீட்டில் ஏன் கல்லாக இருக்கிறது என்று கேட்பவர்கள் இவர்கள்தான்.

ஸ்பிரிங் மெத்தையின் பெரிய பலம் இந்த இடத்தில் தெரியும். சுருள்களுக்கு நடுவே முழுக்கக் காலி இடம். புரளும்போதெல்லாம் உள்ளே காற்று போய்வரும். மின்விசிறி மட்டும் உள்ள அறைக்கு, கட்டில் உயரமும் அளவும் இடம் கொடுத்தால், நான் பாக்கெட் ஸ்பிரிங்தான் சொல்வேன்.

நான்காம் படி: ஃபோமின் உள்ளே

கேட்க வேண்டிய முதல் கேள்வி டென்சிட்டி. ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். 32 என்றால் கனமீட்டருக்கு 32 கிலோ. தினம் படுக்கும் மெத்தைக்கு 32-க்குக் குறையக்கூடாது. 40 இருந்தால் உழைக்கும். மெமரி ஃபோம் அடுக்குக்கு 50 ஒட்டி இருப்பது நல்லது. டென்சிட்டி வேறு, கெட்டி வேறு. டென்சிட்டி கூடிய ஃபோம் மென்மையாகவும் இருக்கலாம். அந்த எண் சொல்வது எத்தனை நாள் உழைக்கும் என்பதை.

கடைக்காரர் சொல்லும் எண் உண்மையா என்று எடைத் தராசு சொல்லிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கனமீட்டர். 72-க்கு 60, உயரம் 6 என்றால் 25,920. வகுத்தால் ஏறக்குறைய 0.425. முழுக்க 32 டென்சிட்டி ஃபோம் என்றால் 13.6 கிலோ, 40 என்றால் 17 கிலோ. உறையின் எடை தனி. 40 என்று சொன்ன மெத்தை உறையோடு 12 கிலோதான் நிற்கிறதென்றால், சொன்னது பொய். இணையத்தில் விற்பவர்களும் மொத்த எடையைப் போட்டிருப்பார்கள், வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம். பல அடுக்கு மெத்தையானால் ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள்.

ரீபாண்டட் என்பது ஃபோம் தூளையும் துண்டுகளையும் பசையிட்டு அழுத்தியது. அதற்கு 80, 90, 100 என்றெல்லாம் டென்சிட்டி சொல்வார்கள். அந்த எண்ணைச் சாதாரண ஃபோமோடு ஒப்பிடக்கூடாது. அடிப்பாகத்துக்கு நல்ல தாங்குபலகை போல உதவும். அதை மட்டுமே போட்டுப் படுத்தால் தோள் வலிக்கும்.

மெத்தை 10 அங்குலம் என்பதில் மயங்காமல், மேலே எத்தனை அங்குலம் நல்ல ஃபோம் என்று கேளுங்கள். ஒரு அங்குலம் மெமரி ஃபோமும் ஒன்பது அங்குலம் மட்டமான ஃபோமும் வைத்தாலும் அது "மெமரி ஃபோம் மெத்தை"தான்.

ஐந்தாம் படி: ஸ்பிரிங்கின் உள்ளே

பொன்னெல் வகையில் உடுக்கை வடிவச் சுருள்கள் ஒன்றோடொன்று கம்பியால் பின்னப்பட்டிருக்கும். ஒரு மூலையில் உட்கார்ந்தால் மறு மூலை ஆடும். விலை குறைவு, கெட்டியாக இருக்கும், விருந்தினர் அறைக்குப் போதும். பாக்கெட் வகையில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும். நூறு வருடத்துக்கு மேல் பழைய யோசனை. அமுக்கிய சுருள் மட்டும் இறங்கும், பக்கத்தில் படுத்தவர் எழுந்தாலும் தெரியாது.

கம்பியின் கனத்தைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் கூடினால் கம்பி மெலிது. சுருள் எண்ணிக்கையை ஒப்பிடும்போது ஒரே அளவு மெத்தைகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஓரத்தையும் உட்கார்ந்து பாருங்கள், குறிப்பாகப் பெரியவர்களுக்கு வாங்கும்போது. ஓரம் சரிந்தால் எழும்போது பிடிமானம் இருக்காது.

ஆறாம் படி: மெத்தை உள்ளே போகும் வழி

பழைய வளவு அறைகளின் வாசல் நிலை குறுகல், உயரமும் குறைவு, தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். மாடிப்படி செங்குத்து, திருப்பத்தில் ஒரு ஆள்தான் நிற்கலாம். ஓரக்கம்பி வைத்த ஸ்பிரிங் மெத்தை வளையாது. வளைத்து நுழைத்தால் கம்பி கோணி, அந்தக் கோணல் பிறகு நிமிராது. நிலையின் உள் அகலம், உயரம், படித்திருப்பம் மூன்றையும் அளந்து, மெத்தையைப் பக்கவாட்டில் நிறுத்தினால் போகுமா என்று பாருங்கள். போகாது என்றால் பெட்டியில் வரும் ஃபோமோ, சுருட்டி வரும் பாக்கெட் ஸ்பிரிங்கோதான் வழி. ஒரு நாள் ஒரு மெத்தை நிலையில் மாட்டி, நாலு பேர் தள்ளி, உறை கிழிந்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஏழாம் படி: படுத்துப் பார்ப்பது

உட்கார்ந்து கையால் அமுக்கிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் தூங்கும் நிலையிலேயே 15 நிமிடம் படுங்கள். கூச்சப்பட வேண்டாம், பல வருடம் படுக்கப்போகும் பொருள். மல்லாந்து படுத்து, இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே இல்லையென்றால் நீங்கள் அமுங்குகிறீர்கள். கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் சரி. ஒருக்களித்துப் படுத்து, முதுகெலும்பு நேர்கோட்டில் இருக்கிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் வாங்குவதென்றாலும், அதே வகை மெத்தை எங்காவது கடையில் இருக்கிறதா என்று பாருங்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ போகும் வேலை இருந்தால் அப்படியே பார்த்துவிடலாம்.

எட்டாம் படி: பணம் கட்டுவதற்கு முன்

"100 இரவு படுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பித் தாருங்கள்" என்ற வாக்குறுதி நல்லதுதான். ஆனால் பிரித்த மெத்தையை வீட்டில் யாராலும் மறுபடி பெட்டிக்குள் சுருட்ட முடியாது, அவர்கள் ஆளே வந்து எடுக்க வேண்டும். உங்கள் கிராமத்துப் பின்கோடைச் சொல்லி, எடுத்துப்போவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் பொருள் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பதாலேயே திரும்ப எடுப்பார்கள் என்று ஆகிவிடாது. சொல்லிச் செய்த அளவுக்குத் திருப்பித்தரும் வசதி பெரும்பாலும் கிடையாது.

உத்தரவாதத்தில் வருடத்தைவிட, எத்தனை அங்குலம் பள்ளம் விழுந்தால் ஏற்பார்கள் என்பதைப் படியுங்கள். கறை பட்டால், சரியான கட்டில் இல்லையென்றால் செல்லாது என்ற வரியும் இருக்கும். பில், மெத்தை ஓரத்தில் தைத்த சீட்டு இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இது முன்பே தெரியாமல் போயிற்றே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஒன்பதாம் படி: பெட்டியைப் பிரிப்பது

வெளி அட்டையைப் பிரிப்பதிலிருந்தே யாராவது வீடியோ எடுக்கட்டும். சுருளைக் கட்டிலில் வைத்த பிறகு பிளாஸ்டிக்கை வெட்டுங்கள். கத்தி வேண்டாம், கத்தரிக்கோலால் மெத்தைக்கு எதிர்ப்பக்கம் நோக்கி. சட்டென்று விரியும். முழு உயரத்துக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகும், சில மெத்தைக்கு மூன்று நாள்கூட. புது ஃபோம் வாடை அடிக்கும். சன்னலைத் திறந்து வைத்தால் சில நாளில் போய்விடும். மூச்சுத்திணறல் உள்ளவர்களை அதுவரை வேறு அறையில் படுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் நாலு மூலையிலும் நடுவிலும் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள்.

பத்தாம் படி: பேணுவது

பஞ்சு மெத்தைப் பழக்கம் இங்கேதான் தப்பாக வரும். முற்றத்தில் வெயிலில் போட்டு, குச்சியால் அடித்துத் தூசி தட்டுவோம். ஃபோமை வெயிலில் போட்டால் மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் பாலில் செய்யும் லேடக்ஸ் மெத்தையும் அப்படித்தான். நிழலில், காற்றாடும் தாழ்வாரத்தில் நிமிர்த்தி வைத்தால் போதும். அடிக்கவும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்புங்கள். கவிழ்த்துப் போடுவது இரண்டு பக்கமும் படுக்கலாம் என்று சொன்ன மெத்தைக்கு மட்டும்.

ஃபோம் தண்ணீரைக் குடித்தால் காய நாள்கணக்கில் ஆகும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காயவே காயாது. குழந்தையோ முடியாதவர்களோ படுக்கும் மெத்தைக்கு நீர்புகா உறை முதல் நாளே வேண்டும். பள்ளம் விழுகிறதா என்று பார்க்க, இரண்டு ஓரங்களுக்கும் குறுக்கே நூலை இழுத்துப் பிடித்து நடுவில் ஸ்கேலை வையுங்கள்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு

படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கும் வீடு என்றால், ஃபோம், ஸ்பிரிங் இரண்டையுமே மொத்தமாக வாங்கிப்போட வேண்டாம். ஆறு மாதம் பூட்டிய அறையின் புழுக்கத்தில் ஃபோம் சீக்கிரம் முதுமை தட்டும், எலி குடையும். எங்காவது ஒழுகினால் ஸ்பிரிங் மெத்தை உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. விசேஷத்துக்கு ஆகும் என்று பெட்டி மெத்தையைப் பிரிக்காமலே மாதக்கணக்கில் வைத்திருப்பது இன்னும் மோசம். அழுத்தத்திலேயே கிடந்த ஃபோம் பிறகு முழு உயரத்துக்கு எழும்பாது. நான் பார்த்த ஒரு வீட்டில் நாலு பெட்டி, நாலும் அப்படி வீணாயின.

அந்த வீடுகளில் பெரியவர்கள் தங்கும் ஒரே ஒரு அறைக்கு நல்ல மெத்தை போடுங்கள். வருகிறவர்களுக்கு 3 அங்குல இலவம்பஞ்சு மெத்தைகளும் பாயும் போதும். பத்துப் பேர் படுக்கப் பத்து மெத்தை, சுருட்டினால் பரணில் ஒரு மூலை. வந்த அன்று காலை முற்றத்து வெயிலில் இரண்டு மணி நேரம், திருப்பிப் போட்டு இன்னொரு மணி நேரம் காயவைத்தால் ராத்திரிக்குப் படுக்கலாம். பஞ்சு தட்டிப்போனால் பிரித்து அடித்துப் புது உறையில் போட்டுத் தர ஆள் இன்னும் இருக்கிறார்கள். ஆத்தாவின் பழைய மெத்தையையும் அப்படி அடித்து, இரண்டு சின்ன மெத்தையாகத் தைத்து வைத்திருக்கிறோம்.